மாமியார் வண்டியில் இருவர்

"என்ன?" என்று சபரீஷ் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க."

"ஏதோ சொல்ல வந்தியே."

"செருப்பு கடிக்குதுங்க."

கல்யாணமாகி நாலாம் நாள், வடவள்ளியில் சபரீஷின் பெரியம்மா வீட்டு விருந்துக்குப் போகிற வழியில் நடந்த பேச்சு இது. பஸ்ஸைவிட்டு இறங்கியதுமே மாப்பிள்ளை, எங்கோ தீப்பிடித்த வீட்டை அணைக்கப் போகிறவர்போல விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்துவிட்டார். புதுப்பட்டின் கொசுவத்தை ஒரு கையிலும் மைசூர்பாகு டப்பாவை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு மிருதுளா நாற்பதடி பின்னால் வந்தாள். தெருமுனையில்தான் அவருக்கு, தான் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டுவிட்டோம் என்பது நினைவுக்கு வந்தது. நின்றார், திரும்பினார், கேட்டார்.

செருப்பு கடிக்கவில்லை. அது பாவம், தன்பாட்டுக்கு இருந்தது. அவள் சொல்ல நினைத்தது வேறு. சின்ன வாக்கியம்தான். ஆனால் கட்டியவனிடம் நாலாம் நாளே கேட்கக்கூடிய விஷயங்களின் பட்டியலில் அது இருந்ததாக யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. சபரீஷோ, செருப்பு என்றதுமே பதறி, அதே தீயணைப்பு வேகத்தில் ஓடி மருந்துக்கடையில் ஒரு பிளாஸ்டர் வாங்கிவந்துவிட்டார். காயமே இல்லாத குதிகாலில் அதை ஒட்டிக்கொண்டு மிருதுளா விருந்து சாப்பிட்டாள். இவ்வளவு நல்ல மனுஷனிடம் போய் இன்னொரு குறை சொல்வதா என்று அந்த வாக்கியத்தை உள்ளே தள்ளினாள். உள்ளே போனது இருபத்தொன்பது வருஷமாக வெளியே வரவில்லை.

இப்போது மாமியார் வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கோவையில் சொந்த வண்டிகளெல்லாம் ஒழிந்து பதினோரு வருஷம் ஆகிறது. நலப்பயண வாரியம் என்று ஒன்று வந்து, ஓட்டுநர் இல்லாத, இரண்டு பேர் உட்காரக்கூடிய முட்டை வடிவ வண்டிகளைத் தெருத்தெருவாக விட்டது. கூப்பிட்டால் வீட்டு கேட்டுக்கே வந்து நிற்கும். போகிற இடத்தின் வாசற்படியில் இறக்கும். புகை போயிற்று, இரைச்சல் போயிற்று, விபத்து போயிற்று. கூடவே ஜனங்களின் கால்களும் போயின. ஐந்தே வருஷத்தில் ஊரில் மிச்சமிருந்த நடை, சோபாவிலிருந்து பிரிட்ஜ் வரைக்குமானது மட்டும்தான். வெளியே சுத்தமான காற்று. அதை இழுத்துவிடத்தான் ஒருவருக்கும் தெம்பில்லை. இருபத்தெட்டு வயசில் மாப்பிள்ளைகள் சர்க்கரை மாத்திரையோடு மணமேடை ஏறினார்கள். அந்த மணமேடைக்கும் சாய்தளம் வைக்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் வாரியத்துக்கு ஞானம் பிறந்தது. வண்டியின் கைப்பிடியில் கட்டைவிரலை வைத்தால், அது நாடியையும் ரத்தக்கொதிப்பையும் சர்க்கரையையும் பார்த்து, இன்னார் இன்றைக்கு இவ்வளவு தூரம் நடக்கலாம் என்று கணக்குப் போடும். போகிற இடத்துக்கு அவ்வளவு தூரம் முன்னாலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். அதற்கு இறக்கத்தூரம் என்று பெயர். திடகாத்திரமானவர்களைத் தொலைவில் இறக்கும், நோஞ்சான்களைப் பக்கத்தில் இறக்கும். ரொம்பவே முடியாதவர்களுக்குத் தூரம் சைபர். அவர்களை வாசலிலேயே இறக்கி, அவர்கள் போய் உட்காரும்வரை கதவை மூடாமல் காத்து நிற்கும்.

கேட்ட இடத்தில் விடாது. ஏன் என்று கேட்டால், "உங்கள் நல்லதுக்குத்தான்" என்று தேன் தடவிய குரலில் சொல்லும். ஒரே வாரத்தில் ஊர் அதற்கு மாமியார் வண்டி என்று பெயர் வைத்துவிட்டது.

ஒருவரின் இறக்கத்தூரத்தை இன்னொருவருக்குச் சொல்லக்கூடாது என்று வாரியத்தில் கடுமையான விதி. ஆனால் யார் எங்கே இறங்குகிறார்கள் என்று பார்க்கத் தெருவுக்குக் கண் இல்லையா? கல்யாணத் தரகர்கள் பத்துப் பொருத்தத்தோடு பதினோராவதாக மீட்டரையும் சேர்த்துக்கொண்டார்கள். பையன் தொள்ளாயிரம், கெட்ட பழக்கம் கிடையாது என்பது ஒரு சிபாரிசு. வார்டு தேர்தலில் ஒருவர் தன் மீட்டரைப் போஸ்டரில் போட்டே ஜெயித்தார். யாரையாவது வண்டி வாசலில் இறக்கிவிட்டால் போதும், சாயங்காலத்துக்குள் அக்கம்பக்கத்தார் சாத்துக்குடியோடு வந்து, துக்கவீட்டு முகத்தோடு உட்கார்ந்து, வீட்டை யாருக்கு எழுதிவைத்திருக்கிறார் என்று மெல்ல விசாரிப்பார்கள்.

இதில் இன்னொரு கூத்தும் நடந்தது. இரண்டு பேர் ஒரே வண்டியில் ஏறினால், இருவரில் குறைந்தவரின் தூரத்துக்குத்தான் விடும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அவ்வளவுதான். கூட ஏறினால் தன் மீட்டர் குறைந்து தெரியுமே என்று புருஷன் ஒரு வண்டி, பெண்டாட்டி ஒரு வண்டி. ஒரே கல்யாணத்துக்கு ஒரே வீட்டிலிருந்து நாலு வண்டி. ஊரின் நெஞ்சைப் பலப்படுத்த வந்த திட்டம், குடும்பங்களை ஆளுக்கொரு முட்டைக்குள் அடைத்துவைத்தது.

மிருதுளா வீட்டிலும் அதுதான் வழக்கம். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முப்பது வருஷம் கரும்பலகை முன்னால் நின்றதில் வலது முழங்கால் வம்பு பண்ணும். அவளுக்கு நானூறு மீட்டர். பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசரான சபரீஷுக்கு ஆயிரத்து நானூற்று ஐம்பது. சௌரிபாளையத்தில் அவர்கள் தெருவில் அதுதான் உச்சம். குடியிருப்போர் சங்கம் அவருக்கு ஒரு ஷீல்டுகூடக் கொடுத்திருக்கிறது. தினமும் நியூ மலபார் பேக்கரி முனையில் இறங்கி, நெஞ்சை நிமிர்த்தி, ஆறு மணிக்குத் தெருவுக்குள் நுழைவார். எதிர்வீட்டு வரதராஜு, பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மாடியில் நின்று அவரைப் பார்த்துத்தான் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்.

அந்த ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பெற்றோர் கூட்டம் முடிந்து மிருதுளா தாமதமாக வந்துகொண்டிருந்தாள். பேக்கரியைத் தாண்டும்போது வண்டியின் ஜன்னல் வழியே பார்த்தாள். வெளிபெஞ்சில் சபரீஷ். கர்சீப்பால் முகத்தை மூடி, சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார். சினிமா பார்த்து அழுகிறவர்போல இருந்தது. பின்பக்கக் கண்ணாடி வழியே அவள் திரும்பிப் பார்க்க, அவர் எழுந்து, சீப்பை எடுத்துத் தலைவாரி, சட்டையை இழுத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திப் புறப்பட்டார்.

மறுநாள் தேங்காய் பன் வாங்குகிற சாக்கில் பேக்கரிக்குப் போனாள். கடைக்காரர் சஜீவனின் தாத்தா பாலக்காட்டிலிருந்து வந்தவர். சஜீவன் கொங்குத் தமிழ் பேசினால் பொள்ளாச்சிக்காரர் தோற்றுப்போவார்.

"அண்ணனுங்களா? டெய்லி வர்றாருங்க டீச்சர், ஒரு மூணு மாசமா. டீ வாங்குவாரு, குடிக்க மாட்டாரு. அந்த மாமியாரு வண்டிதான் அதிசயமுங்க. படி வரைக்கும் வந்து நிக்கும். அண்ணன் இந்த பெஞ்சுல உக்கார்ற வரைக்கும் கதவ மூடாது. நாங்கூட ஏதோ ரிப்பேருன்னு நெனச்சனுங்க."

கணக்கு டீச்சருக்கு இதைப் போட்டுப் பார்க்கக் காகிதம் வேண்டியிருக்கவில்லை. ஆயிரத்து நானூற்று ஐம்பது மீட்டர்காரரைப் படியில் இறக்கி, உட்காரும்வரை எந்த வண்டியும் காத்திருக்காது. வீட்டு விலாசம் கொடுத்தால் வீட்டு வாசலில் இறக்கிவிடும், தெரு பார்த்துவிடும் என்று மனுஷன் பேக்கரி விலாசம் கொடுத்து இறங்குகிறார். மிச்சத் தூரத்தை, நடக்கவே கூடாதவர், நடந்து வருகிறார். ஊரில் எல்லோரும் பொய் விலாசம் கொடுப்பது கிட்டத்தில் இறங்க. தூரத்தில் இறங்கப் பொய் சொன்ன ஒரே மகான் அவள் வீட்டில் இருந்தார்.

காரணமும் தெரிந்ததுதான். மகள் இளவேனிக்கு உடுமலையில் இடம் அமைந்திருக்கிறது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் நிச்சயம். பையனின் அம்மா போன வாரம்கூடப் போன் பண்ணி, எங்க சம்பந்தி ஆயிரத்து நானூத்தம்பதுன்னு சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனுங்க என்று பூரித்தாள். ரத்தத்தில் வருகிற விஷயமாயிற்றே.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு சபரீஷ் வந்தார். வரதராஜு கடிகாரத்தைத் திருகினார். சபரீஷ் நேரே குளியலறைக்குப் போய்க் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டார். மூன்று மாதமாக, தண்ணீர் வீணாகிறது என்று இதற்காக அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள் மிருதுளா. அன்றைக்கு அவள் கதவில் காதை வைத்துக் கேட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில், துருத்தி ஊதுகிறாற்போல ஒரு மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

திட்டுவதற்கு வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். திட்டினால், நிச்சயம் முடியட்டும் என்பார். அழுதால், பயந்து ஓடி எதையாவது வாங்கிவருவார். பிளாஸ்டர் ஒட்டிச் சரியாகிற இடமா இது?

இளவேனி வாரியத்தில்தான் வேலை பார்த்தாள், புகார்ப் பிரிவில். சாப்பாட்டு நேரத்தில் அவள் சொல்லும் புகார்க்கதைகளுக்கு வீடே காத்திருக்கும். தூரத்தைக் குறைக்க நாலு பச்சைமிளகாய் தின்றுவிட்டுக் கட்டைவிரலை வைத்த ஆளை, வண்டி நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கதையைச் சொல்லி முடித்திருந்தாள். அப்பா சாப்பிட்டு எழுந்து போனதும் மிருதுளா மெல்ல ஆரம்பித்தாள்.

"எங்க ஸ்கூல்ல ஒரு டீச்சர், இளா. அவங்க வீட்டுக்காரருக்கு சைபர் வந்துருச்சாம். கௌரவத்துக்காகப் பொய் அட்ரஸ் போட்டு, தூரமா எறங்கி நடக்கறாராம்."

"தூரமாவா? கொழுப்புத்தான்." இளவேனி தயிரைப் பிசைந்தாள். "சைபருன்னா நடக்கவே கூடாதுன்னு இல்லம்மா. தனியா நடக்கக் கூடாது, அதான். தனியாப் போறவன் வேகமாப் போவான். நெஞ்ச புடிச்சாலும் யாருகிட்டயும் சொல்ல மாட்டான். கூட ஒரு ஆளிருந்தா பேசீட்டே மெதுவாப் போவான், நிப்பான், மறுபடி போவான். அதுக்குன்னே இணைக்கணக்குன்னு ஒண்ணு வெச்சிருக்கோம். ரெண்டு பேரு ஒண்ணா வெரல் வெச்சா வேற தூரம் குடுக்கும்."

"கொறஞ்சவங்க தூரம்தானே?"

"அது யாரோ கெளப்பிவிட்ட பொரளி. டாக்டருங்க ரெண்டு வருஷம் உக்காந்து போட்ட கணக்கும்மா அது. இதுவரைக்கும் ஊரு மொத்தத்துல பதினேழு ஜோடிதான் ஏறியிருக்கு. அதுலயும் பதினாலு, கட்டிக்கிட்ட ஜோடி இல்ல."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கட்டிக்கிட்டவங்க வந்து புகார் குடுத்தாங்களே."

மிருதுளா சிரித்துவிட்டாள். இளவேனி சிரிக்கவில்லை. "அந்த டீச்சர்கிட்டச் சொல்லு. அவரு இப்படியே நடந்தா ஒரு நாள் பாதி வழியிலேயே..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, அம்மாவைப் பார்த்தாள். "அந்த டீச்சர் என்ன பாடம் எடுக்கறாங்க?"

"தமிழ்" என்றாள் மிருதுளா. முப்பது வருஷ சர்வீஸில் அவள் பாடம் மாறியது அன்றைக்குத்தான்.

இளவேனி தட்டைத் தள்ளிவைத்தாள். "தமிழ் டீச்சர்கிட்ட இன்னொண்ணும் சொல்லு. அவங்க பொண்ணு அந்த வீட்டுக்கு மருமகளாத்தான் போறாளாம். அப்பனைக் கூட்டிட்டு ஓட்டப்பந்தயத்துக்குப் போகலியாம்."

வியாழக்கிழமை நாலரை மணிக்கே மிருதுளா வண்டி பிடித்து பேக்கரி விலாசத்தைச் சொன்னாள். அது வழக்கம்போல நானூறு மீட்டர் முன்னால் இறக்கிவிட்டு, நடை நலம் என்றது. உலகத்திலுள்ள எல்லா மாமியார்களையும் சபித்துக்கொண்டு முழங்காலை இழுத்தபடி வந்து சேர்ந்தாள். இரண்டு வெஜ் பப்ஸ் வாங்கிக்கொண்டு வெளிபெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஐந்தே காலுக்கு அந்த வண்டி வந்தது. படியை உரசினாற்போல நின்றது. கதவு திறந்து ஒரு கால் வெளியே வந்தது. பெண்டாட்டியைப் பார்த்ததும் அந்தக் கால் உள்ளே போயிற்று.

"இறங்கலாம்" என்றது வண்டி, தெருவுக்கே கேட்கும்படி. "அவசரம் இல்லை. நீங்கள் உட்காரும்வரை நான் இருக்கிறேன்."

சபரீஷ் இறங்கினார். வண்டி மாறி வந்துவிட்டது என்று ஏதோ சொல்லப் பார்த்தார். அதற்குள் மூச்சு முந்திக்கொண்டது. பெஞ்சில் உட்கார்ந்தார். அப்புறம்தான் மாமியார் கதவைச் சாத்திக்கொண்டு போனது. மிருதுளா ஒரு பப்ஸை அவர் பக்கம் நகர்த்தினாள். பிறகு, எண்ணெய்ப் பண்டமாயிற்றே என்று தன் பக்கமே திருப்பி நகர்த்தினாள்.

எத்தனை நாளாக என்று கேட்டாள். சித்திரையிலிருந்து என்றார். நெஞ்சில் ஒரு ரத்தக்குழாயில் அடைப்பாம், டாக்டர் மாத்திரை எழுதியிருக்கிறாராம், வேகமாக நடக்காதே என்றிருக்கிறாராம், சிகிச்சை ஒன்று இருக்கிறதாம், ஆவணி கழித்துப் பண்ணிக்கொள்ளலாம் என்று இவரே டாக்டருக்கு நாள் குறித்துக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். மாத்திரை கம்பெனி டிராயரில். சபரீஷ் இதையெல்லாம் பேக்கரியின் பன் அலமாரியைப் பார்த்துத்தான் சொன்னார்.

"பொண்ணு நிச்சயத்துல சைபர் மீட்டர் அப்பன் போயி நிக்கறதா, மிருது? அவங்க என்ன நெனைப்பாங்க?"

"நிச்சயத்துல நீங்க நிக்கோணுமுங்க. எத்தன மீட்டரா இருந்தா என்ன."

சஜீவன் பப்ஸ் தட்டைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார். அந்தத் தட்டு ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

நாளைக்கே டாக்டரிடம் போகிறோம் என்று மிருதுளா அறிவித்தாள். உடுமலைக்குத் தானே போன் பண்ணி உள்ளதைச் சொல்லிவிடுவதாகவும், அவர்களுக்கு மீட்டர்தான் முக்கியமென்றால் ஷீல்டைக் கூரியரில் அனுப்பிவைப்பதாகவும் சொன்னாள். பிறகு வண்டியைக் கூப்பிட்டாள். ஒரே ஒரு வண்டி.

"ரெண்டு பேரும் ஒண்ணுலயா?" என்று சபரீஷ் குரலைத் தாழ்த்திக் கேட்டார். ஏதோ தகாத இடத்துக்கு அவள் கூப்பிட்டுவிட்டதைப்போலச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

வண்டி வந்தது. ஏறினார்கள். கைப்பிடியின் விரல்பட்டை ஒருவருக்கென்றே செய்ததுபோலக் குறுகல். இரண்டு கட்டைவிரல்களும் ஒட்டிக்கொண்டுதான் இருக்க முடிந்தது. வண்டி வழக்கத்தைவிட அதிக நேரம் யோசித்தது. பழைய பீரோவில் எதையோ தேடி எடுக்கிறாற்போல இருந்தது.

"இருவர்" என்றது கடைசியில். "இறக்கத்தூரம் நூற்றுத் தொண்ணூறு மீட்டர். பேசிக்கொண்டே நடக்கவும்."

"நூத்தித் தொண்ணூறு குடுத்திருக்கு" என்றார் சபரீஷ், பெயிலாகிவிடுவோம் என்று பயந்து பார்டரில் பாஸான பையனைப்போல. விரலை எடுக்கலாம் என்று வண்டி சொன்ன பிறகும் இருவரும் எடுக்காமலே உட்கார்ந்திருந்தார்கள்.

தெருவின் தலைப்பில் வண்டி இறக்கிவிட்டது. மணி ஆறாகவில்லை. மாடியில் வரதராஜு குழம்பிப்போய் முதலில் கைக்கடிகாரத்தையும் அப்புறம் ஆகாயத்தையும் பார்த்தார். இஸ்திரிக்கடை முத்தம்மா பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள். இரண்டு பேர் ஒரு வண்டியிலிருந்து இறங்கி அந்தத் தெரு பார்த்து வெகுகாலம் ஆயிற்று.

தெருவைப் பார்த்ததும் சபரீஷின் முதுகு தானாக நிமிர்ந்தது. நெஞ்சு முன்னால் வந்தது. பழக்கம் காலைப் பிடித்து இழுக்க, விறுவிறுவென்று கிளம்பிவிட்டார். பப்ஸ் பொட்டலத்தோடு மிருதுளா பின்தங்கினாள். பத்தடி. இருபதடி. நாற்பதடி.

டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் அவர் நின்றார். அதில் எழுதியிருந்த அபாய எச்சரிக்கையை ரொம்பக் கவனமாகப் படிக்கிறவர்போல நின்றார். தோள்கள் மட்டும் ஏறி ஏறி இறங்கின. பிறகு திரும்பிப் பார்த்தார்.

"என்ன?"

ஒண்ணுமில்லீங்க என்பது இருபத்தொன்பது வருஷப் பயிற்சியில் அவள் உதடுவரை வந்துவிட்டது. அதற்குள் அவரே கேட்டார், மூச்சுக்கு நடுவே.

"செருப்பு கடிக்குதா?"

மிருதுளா நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டாள். இந்த மனுஷன் அதை மறக்கவில்லை.

"செருப்பு அன்னிக்கும் கடிக்கலீங்க" என்றாள். வரதராஜுவின் மாடிக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும். "முன்னால போகாதீங்க. எம்பக்கத்துல நடந்து வாங்க."